சின்னப் பட்டை

"பிரஷர் பாக்கற இந்தப் பட்டை சின்னது, டாக்டரம்மா. இவங்க கையைச் சுத்தி வரவே மாட்டேங்குது, பாருங்க."

"நம்பர் வந்துச்சா இல்லையா, கிளாடெட்?"

"வந்துச்சு. நூத்தி நாப்பத்திரண்டு. ஆனா பெரிய பட்டை நாலாவது மாடியில இருக்கு. பத்து நிமிஷம் கொடுங்க, எடுத்துட்டு வந்துடறேன்."

"பத்து நிமிஷமா? வெளியில ஒன்பது பேர் உக்காந்திருக்காங்க. இது போதும், எழுது."

படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இர்யா லாத்தினன் சிரிக்கப் பார்த்தாள். "முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டின கை, அம்மாடி. உங்க ஜவுளிக்கடையில இதுக்கு அளவு கிடையாது."

டாக்டர் டெஸ்ஸா போட்னருக்கு அது இரண்டாம் வருடப் பயிற்சி. சிரித்துக்கொண்டே, நர்ஸ் கிளாடெட் சொன்ன எண்ணைக் கணினியில் தட்டினாள். இதயம் சோர்ந்து வருகிறவர்களில் யார் உயிரோடு வீடு திரும்புவார் என்று அந்தக் கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். வயது, நாடி, சிறுநீரகத்தின் நிலை, இரத்த அழுத்தம் எல்லாம் அதற்கு வேண்டும். அதில் ஒரு விந்தை உண்டு. இருபது வருடமாக இர்யா மாத்திரை போட்டு அடக்கி வந்த அழுத்தம் அந்தக் கணக்கில் மட்டும் நல்ல சகுனம். அது ஏறியிருந்தால் இதயத்தில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று பொருள்.

திரையில் இரண்டு என்று விழுந்தது. நூற்றுக்கு இரண்டு பேர்தான் இறப்பார்கள். பயிற்சி மருத்துவர்கள் தங்களுக்குள் நோயாளிகளை அந்த எண்ணால்தான் குறிப்பிடுவார்கள். இர்யா அந்த நிமிடத்திலிருந்து 'ரெண்டு' ஆனாள். அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையையும் டெஸ்ஸா கொஞ்சம் கூட்டி எழுதினாள்.

மதியம் மகன் ஈரோ வந்தான். சரக்குக் கப்பலில் சமையல்காரன். மேல்கோட்டு முழுக்கக் கோதுமைத் தூசி.

"நாலு மணிக்குக் கப்பல் கிளம்புது டாக்டர். நான் இருக்கட்டுமா, போகட்டுமா? உள்ளதைச் சொல்லுங்க."

டெஸ்ஸா திரையை அவன் பக்கம் திருப்பினாள். "நூறு பேர்ல தொண்ணூத்தெட்டு பேர் நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க. தைரியமாப் போயிட்டு வாங்க."

எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு பெருமை.

"போடா, போ," என்றாள் இர்யா. "நீ போகலேன்னா, உன் சூப்பைக் குடிக்காம அங்க இருபது பேர் நிம்மதியா இருந்துடப் போறாங்க."

"நான் வர்ற வரைக்கும் உப்பு மீனைத் தொடாதேம்மா."

"தொட மாட்டேன். முகர்ந்து மட்டும் பாக்கறேன்."

அவன் குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

மாலை ஆறு மணிக்குக் கிளாடெட் பெரிய பட்டையைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தாள். நூற்றுப் பதினாறு. யாரையும் குறை சொல்லாமல், 'சரியான பட்டையில்' என்று மட்டும் பக்கத்தில் எழுதி வைத்தாள். டெஸ்ஸா அதைப் படித்தாள். புது எண்ணையும், அப்போதுதான் வந்திருந்த இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டாள். இரண்டு, ஒன்பதாகியிருந்தது. இறுக்கமான பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பது முதல் வருட மாணவிக்கும் தெரியும். மாத்திரை வேலை செய்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூட்டிய அளவை அப்படியே விட்டாள். திரையை மூடினாள். கப்பல்தான் போய்விட்டதே, இனி சொல்லி என்ன?

மறுநாள் காலை அவள் வந்தபோது இர்யா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அழுத்தம் எண்பத்துநாலு. சிறுநீர் நின்றுவிட்டிருந்தது. வாசலில் நின்ற கிளாடெட் அவளைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"வா," என்றாள் இர்யா. குரல் பாதியாகியிருந்தது. "நான் இன்னும் அந்தத் தொண்ணூத்தெட்டுலதான் இருக்கேனா?"

டெஸ்ஸா உட்காரவில்லை. பட்டையைப் பற்றிச் சொன்னாள். மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது இர்யாவின் கையைத்தான் பார்த்தாள். தடித்த மேற்கையில் நேற்றைய பட்டையின் விளிம்பு பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"அப்போ, என் பையன் கேட்டப்போ உனக்குத் தெரியாது."

"தெரியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆறு மணிக்குத் தெரியும். உங்ககிட்டயும் சொல்லலை, யாருகிட்டயும் சொல்லலை."

இர்யா கண்ணை மூடினாள். கோபப்படவாவது செய்யட்டும் என்று டெஸ்ஸா காத்திருந்தாள்.

கண் திறந்தபோது இர்யா தலையணைக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்தாள். அதைத் தூக்கிப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"மத்தியானம் கப்பல், கால்வாயில தண்ணி ஏத்தி இறக்குற மதகுக்குள்ள நிக்கும். இறங்கணும்னா அவன் அங்கதான் இறங்கணும். அதை விட்டா அடுத்த கரைக்கு அஞ்சு நாள் ஆகும். நான் சொன்னா, அம்மா பயப்படறான்னு நினைச்சுக்குவான்." கைபேசியை டெஸ்ஸாவின் பக்கம் நீட்டினாள். "நேத்து அவனைப் போகச் சொன்னது நீதானே? இன்னிக்கும் நீயே பேசு, அம்மாடி. எங்கிட்ட சொன்னதை எல்லாம் அவன்கிட்டயும் சொல்லு."