மறுப்பே சொல்லாத முப்பத்தொரு வீடுகள்

ஆராதனை முடிவதற்குள் லாவினியா கைப்பேசியை நாலு தடவை பார்த்துவிட்டாள். இதய மருத்துவர் அல்லவா, யாருக்கோ உயிர் போகிற அவசரம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவசரம் அவளுக்குத்தான். ஐந்தாவது தடவை பார்த்தபோது, அனுப்பியிருந்த ஸ்கேன் படங்களுக்கு ஆக்லாந்து ஆராய்ச்சிக் குழுவிடமிருந்து பதில் வந்திருந்தது.

‘பதினேழாம் எண்: இதய வால்வுக் கசிவு கூடியிருக்கிறது. உடனே ஊசி தொடங்கவும்.’

ஆராய்ச்சியில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் பதினேழு யாரென்று லாவினியாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தம்பி செமிசியின் மகள், பன்னிரண்டு வயது மெலேஅனே.

தொண்டைவலிக் காய்ச்சல் டோங்கா தீவுகளில் பிள்ளைகளின் இதய வால்வைத்தான் கடிக்கிறது. கசிவு கொஞ்சமாக இருந்தால் மாதாமாதம் பெனிசிலின் ஊசி வேண்டுமா, சும்மா கவனித்தால் போதுமா? இதைத்தான் அவள் ஆராய்ந்தாள். பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்குக் கவனிப்பு. யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போட்டது. மெலேஅனேவுக்குக் கவனிப்பு விழுந்தது.

காரை நேரே தம்பி வீட்டுக்கு விட்டாள். விக்கா, செமிசியின் மனைவி, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொட்டலங்களில் பெரியதாகப் பார்த்து நாத்தனாருக்கு எடுத்து வைத்தாள். டோங்கா வழக்கப்படி அக்கா இருக்கிற அறைக்குள் தம்பி வரக்கூடாது. செமிசி வாசல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். லாவினியாவால் உட்காரவே முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

“கசிவு அதிகமாயிருக்கு,” என்றாள் ஒருவழியாக.

அம்மாவின் பக்கத்தில் இருந்த மெலேஅனே நிமிர்ந்து பார்த்தாள்.

“போன மாசத்துலேர்ந்தே ஓடினா மூச்சு வாங்குது, அத்தை,” என்றாள் மெலேஅனே. “நீங்கதான் பாத்துக்கிட்டிருக்கீங்களேன்னு நான் சொல்லல.”

இரண்டு வருஷத்துக்கு முன் இதே அறையில்தான் லாவினியா சம்மதக் காகிதத்தை விரித்தாள். விருப்பமில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம் என்ற வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தும் காட்டினாள். என்ன பிரயோஜனம்? அத்தை வாய்விட்டுக் கேட்டதை மறுக்க டோங்காவில் இன்னும் ஒருத்தர் பிறக்கவில்லை. கிராமத்தில் முப்பத்தொரு வீடு, ஏதோ ஒரு வழியில் எல்லா வீட்டுக்கும் அவள் அத்தை. ஒருவர்கூட மறுக்கவில்லை என்று ஆக்லாந்துக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னாள், கைதட்டினார்கள். கைதட்டியவர்களுக்கு இங்கே அத்தை என்றால் என்னவென்று தெரியாது. இவளுக்குத் தெரியுமே! தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டாள்.

“செமிசி, என்னை நாலு வார்த்தை திட்டேன்டா.”

“ஐயோ, என்ன பேச்சுக்கா இது,” என்றது வாசல் முதுகு. “நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்.”

அவன் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“சரி, நாளைக்கே ஊசி ஆரம்பிச்சிடலாம். மாசாமாசம் நானே வந்து போடறேன்.”

“வேணாம் அண்ணி.”

சொன்னது விக்கா. நாத்தனாருக்கு எடுத்து வைத்த தட்டு இன்னும் கையிலேயே இருந்தது.

“விக்கா!” என்று அதட்டினான் செமிசி.

“நீங்க சும்மா இருங்க. ஊசி வேணும். அண்ணி போட வேணாம். சுகாதார நிலையத்து நர்ஸ் போடட்டும். அவகிட்ட ஏன் எதுக்குன்னு நான் கேக்கலாம், சண்டைகூடப் போடலாம். அண்ணிகிட்ட முடியுமா? காகிதத்தை நீட்டின அன்னிக்கும் முடியலையே.”

அந்த வீட்டில் யாரும் லாவினியாவிடம் இப்படிப் பேசியதில்லை. முகம் எரிந்தது. ஆனால் காலையிலிருந்து நிலைகொள்ளாமல் அலைந்தவள் இப்போதுதான் பாயில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு என்ன சொல்ல நெனச்சே, விக்கா?”

விக்கா தட்டைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள்.

“கொஞ்சமா கசியுதுன்னு சொன்னீங்கல்ல. குலுக்கலெல்லாம் வேணாம், என் புள்ளைக்கு அந்த ஊசியைப் போட்டுடுங்கன்னுதான்.”