மூன்றாம் எண்

"ஏட்டி வள்ளிமயிலு, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்திருமோ?"

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. விடை எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் வரவில்லை. அந்த வருஷப் பாதியிலேயே பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன்.

எடைமேடை ஆபீஸில் பேச வேண்டியதில்லை. வண்டி ஏறி நிற்கும். எடைப்பெட்டியில் சிவப்பு எண் வரும். அதே எண் லேப்டாப்பில் தானாக வந்து விழும். சீட்டை அச்செடுத்துச் சன்னல் வழியாக நீட்டினால் போதும். இரண்டு வருஷமாக அந்தச் சன்னலுக்குப் பின்னால்தான் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பெட்டியில் எண் வந்தது, லேப்டாப்பில் வரவில்லை.

கோவில்பட்டியிலிருந்து செல்வகணேஷ் அண்ணன் வந்து மூன்று மணி நேரமாகிறது. பழைய கம்ப்யூட்டர் செத்தபோது இந்த லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். எடைப்பெட்டியின் ஒன்பது ஊசி வயரைச் சொருக லேப்டாப்பில் இடமே கிடையாது. நடுவில் ஒரு மாற்று வயர் போட்டு, பென்டிரைவ் சொருகும் துளையில் இணைத்திருந்தார்.

மேடைமேல் சோலைச்சாமியின் குட்டியானை வண்டி மிளகாய் மூட்டைகளோடு நின்றது. விளாத்திகுளம் பக்கத்து விவசாயி அவர். கையால் எழுதிய சீட்டைக் கமிஷன் கடையில் வாங்க மாட்டார்கள். நெடியில் ஆள் மாற்றி ஆள் தும்மிக்கொண்டிருந்தோம்.

"ஏடே, காலைல பொறந்த பிள்ளை நடக்க ஆரம்பிச்சிரும் போலிருக்கே. இன்னுமா பாக்க?" என்று அவர் சன்னலுக்குள் தலையை விட்டார்.

செல்வகணேஷ் அண்ணன் கண்ணைக் கசக்கினார். "நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஒவ்வொரு துளைக்கும் லேப்டாப்பு ஒரு நம்பர் போட்டுக்கிடும். இப்ப வயரு ஏழாம் நம்பர்ல நிக்கி. இந்தப் பழைய சாப்ட்வேர் மூணாம் நம்பரைத்தான் பாக்கும். அதை மாத்தலாம்னா பாஸ்வேர்டு கேக்கு. எழுதுனவன் ஊரைவிட்டே போய்ட்டான். சரி, ஏழை மூணாக்குவோம்னா, மூணுல வேற ஆள் இருக்குங்கு. இங்கன ஒரே ஒரு வயருதான கெடக்கு, எந்த ஆளு இருக்கு?"

அதற்குள் முதலாளி நந்தகோபால் அண்ணாச்சி வந்துவிட்டார். "யாராவது இதைத் தொட்டீயளா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தொட்ட கை எதுன்னு தெரிஞ்சா, நாளையிலேருந்து அந்தக் கை வீட்டிலயே இருக்கட்டும்."

தொட்டது நான்தான். வெள்ளிக்கிழமைதோறும் வயர்களைப் பிடுங்கி, மேசையைத் துடைத்து, பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் சந்தனப் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டுவேன். எப்போதும் வயரை இடது பக்கம்தான் திரும்பச் சொருகுவேன். நேற்றுச் சந்தனம் வழிந்து இடது துளையோரம் ஈரமாக இருந்தது. வலது பக்கமும் அதே மாதிரித் துளைதானே என்று அதில் சொருகிவிட்டேன்.

மூன்றில் இருக்கும் ஆள் யாரென்று எனக்குப் புரிந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகும் வருகைப் பதிவேட்டில் என் எண்ணை வருஷக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். இடது துளையின் மூன்றாம் எண்ணும் அப்படித்தான், இதே வயரின் பெயரில் காலியாகக் காத்துக் கிடக்கிறது.

சொல்ல நினைத்தேன். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. வீணான சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதினேன்: 'நேற்றுத் துடைக்கும்போது வயரை நான்தான் மாற்றிச் சொருகினேன். முன்பு இடது பக்கம் இருந்தது.' எடைச்சீட்டைத் தருவதுபோல செல்வகணேஷ் அண்ணனிடம் நீட்டினேன்.

படித்தார். என்னைப் பார்க்கவில்லை. வயரை உருவி இடது பக்கம் சொருகினார். சாப்ட்வேரை மூடித் திறந்தார்.

1560.

"வந்துட்டுய்யா!" என்று சோலைச்சாமி சன்னல் கம்பியில் தட்டினார். நான் சீட்டை அச்செடுத்துக் கொடுத்தேன். வண்டி மேடையிலிருந்து இறங்கியது.

"என்னடே கோளாறு? யாரு பார்த்த வேலை?" என்றார் முதலாளி.

செல்வகணேஷ் அண்ணன் விரலில் ஒட்டியிருந்த காய்ந்த சந்தனத்தைப் பேண்டில் துடைத்தார். என் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.