லைனில் ஆள் இருக்கிறது

எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்கு அழைப்பு என்று ஒன்று வந்தால் எடுத்தே ஆக வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த காலத்தில் பிடித்த வியாதி அது. போர்டில் விளக்கு எரிந்தால் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சூப்பர்வைசர் அம்மாள் பின்னால் வந்து நின்றுகொண்டு தொண்டையைக் கனைப்பாள். ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகும் அக்காவை விட்டு அது போகவில்லை. கம்ப்யூட்டர் திரையில் எது எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாலும் 'சரி' என்ற இடத்தில் அழுத்திவிடுவாள். உங்கள் கணினிக்கு ஆபத்து என்றால் சரி. நீங்கள்தான் இன்றைய அதிர்ஷ்டசாலி என்றால் அதற்கும் சரி. கூப்பிட்டவனை அம்போ என்று விடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

விளைவு, மெஷின் குட்டிச்சுவராகிப் போனது. பொத்தானைத் தட்டிவிட்டுப் போய் டீ போட்டு, ஆற்றி, குடித்துவிட்டு வந்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். எழுந்ததும் வைரஸ் ஒழிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று பேர் வரிசையாகக் கிளம்புவார்கள். ஒருவரை ஒருவர் வைரஸ் என்று காட்டிக்கொடுத்துக்கொள்வார்கள். இணையத்தைத் திறந்தால் பாதித் திரையைப் பட்டன்களும் பட்டைகளும் அடைத்துக்கொண்டிருக்கும். மூலையில் ஒரு பெண் இடைவிடாமல் ஆடுவாள். அக்கா அவளையும் சகித்துக்கொண்டாள். வீட்டில் அசைகிற ஜீவன் என்று வேறு எது இருந்தது?

கடைசியில் மானம் போனதுதான் காரணம். அக்காவின் பெயரில், அக்காவுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும், உடம்பு இளைக்கும் மாத்திரை வாங்கச் சொல்லி மெயில் போயிருந்தது. பழைய சூப்பர்வைசர் அம்மாளே ஃபோன் செய்துவிட்டாள். "ஏன்டி, நான் இனிமே இளைச்சு யாருக்குக் காட்டப்போறேன்?" என்று ஆரம்பித்து, முழங்கால் வலி, மருமகள், மாடிப்படி என்று ஒரு சுற்று சுற்றி வந்துதான் வைத்தாள். அந்த மாதத்தில் அக்காவுக்கு வந்த நீளமான ஃபோன் அதுதான். மானம் போனாலும் போனது, பேச ஒரு ஆள் கிடைத்ததே என்று அக்காவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா?

கீழ்த்தெருவில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரர் மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கனத்த உடம்பு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, தோளில் பை. வந்ததும் முதல் வேலையாக இணைய வயரைப் பிடுங்கினார்.

"இது இருக்கிற வரைக்கும் ஒண்ணை எடுத்தா ஒன்பது உள்ள வரும் மேடம்," என்றார். பிறகு திரையைப் பார்த்தார். "எப்படி மேடம் இதுல வேலை பாத்தீங்க?"

"பொறுமையா."

அவர் சிரித்துவிட்டார். பென் டிரைவ் ஒன்றைச் செருகி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே எழுப்பினார். உள்ளே இருக்கிறவர்கள் விழித்துக்கொள்ளுமுன் தேடிப் பிடித்தால்தான் உண்டு என்றார். தேடும் நிரல் ஓட ஓட, பிடிபட்டவற்றின் பெயர்கள் சிவப்பில் இறங்கிக்கொண்டே வந்தன. அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொன்றும் எதற்குச் சரி சொன்னதால் வந்தது என்று அவர் விளக்க விளக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. சண்டைக்கார மூன்று பேரும் போலி என்று ஒரே போடாகப் போட்டு வெளியேற்றினார். பட்டைகள் போயின. ஆடிக்கொண்டிருந்த பெண்ணும் போனாள். மாத்திரை விற்றவனும் அகப்பட்டான்.

"பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்திடுங்க. இதுல இல்ல, உங்க ஃபோன்ல இருந்து," என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அதன் சொந்தக் காலில் எழுப்பிப் பார்த்தார். பத்து வயது குறைந்தாற்போல டக்கென்று எழுந்தது. அவர் பையைக் கட்டப்போனார். அப்புறம் நிறுத்திவிட்டு, திரையின் தலையைக் கவ்விக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்தார்.

"இந்த லைட் எப்பவும் இப்படி விட்டு விட்டு எரியுமா?"

"ஆமா. கரண்ட் வருதுன்னு அர்த்தம்."

"இல்ல மேடம். கேமரா ஓடுதுன்னு அர்த்தம்."

மறுபடியும் உட்கார்ந்தார். இந்த முறை சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. அவரே ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்ப்பதுபோல எதையெதையோ திறந்து தேடினார். கடைசியில் ஒரு பெயரைக் காட்டினார். இது வைரஸ் இல்லை, காசு கொடுத்து வாங்குகிற சாமான், வேவு பார்க்க என்று விற்கிறார்கள் என்றார். கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு அவ்வப்போது ஒரு படம் எடுக்கும். எடுத்த படத்தை ஒரு மெயிலுக்கு அனுப்பும்.

"யாரோ வேணும்னே உக்காந்து போட்டிருக்காங்க. இந்த மெயில் ஐடி யாருதுன்னு தெரியுமா?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். தம்பியினுடையது. அவன் காலேஜ் முடித்த புதிதில் வைத்துக்கொண்ட ஐடி. அவனுக்கு வீட்டில் வைத்திருந்த செல்லப் பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தது.

தம்பி என்றால் வெறும் தம்பி இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, அக்காவின் இடுப்பிலும் சம்பளத்திலும் வளர்ந்தவன். அவன் ஆளாகட்டும் என்று அவள் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது தள்ளியே போய்விட்டது. அவன் இப்போது விமானம் ஏறிப் போகிற தூரத்தில், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். அவள் ஓய்வு பெற்றபோது வந்து, இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்து, கேமராவையும் மாட்டிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வான்.

"யாரு மேடம்?"

"எங்க வீட்டுப் பையன்தான்."

"கேக்காம போட்டது தப்பு மேடம். எடுத்துடறேன்."

அக்காவுக்கு முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நைந்த நைட்டியோடு நடந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. சமையலறை வாசலில் நின்றபடியே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது ஞாபகம் வந்தது. அதற்கு அடுத்த நொடியே இன்னொன்றும் தோன்றியது. அதையெல்லாம் அவன் பார்த்திருக்கிறான். தனியாக இருந்தேன் என்று நினைத்த இத்தனை காலமும் தனியாக இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

"இருக்கட்டும். அதை மட்டும் விட்டுடுங்க."

கம்ப்யூட்டர்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இது படத்தை அனுப்புது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அங்க யாரு பாக்கறாங்க, பாக்கறாங்களா இல்லையான்னு நான் சொல்ல முடியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் அவள் காது பேர்போனது. ஒரு லைனில் மூன்றாவது ஆள் சத்தமில்லாமல் நுழைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். பேசுகிறவர்களின் குரல் ஒரு நூல் இறங்கும், அவ்வளவுதான். அந்த ஒரு நூலை வைத்தே 'ஆள் இருக்கு' என்று பக்கத்து சீட்டுக்காரிக்கு ஜாடை காட்டுவாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அந்தக் காதைத்தான் இப்போதும் நம்பினாள். கம்ப்யூட்டர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, தேடும் நிரல் தொடாதபடி இதை விலக்கி வைத்துவிட்டு, வயரைச் செருகிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த வீட்டின் போக்கே மாறியது. மேஜையைத் தள்ளிப் போட்டு, கேமரா கூடம் முழுவதையும் பார்க்கும்படி வைத்தாள். நைட்டிக்கு ஓய்வு கொடுத்தாள். காலையில் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்டதை உடுத்திக்கொண்டுதான் கேமரா விளக்குக்கு முன்னால் வந்தாள். சாப்பாட்டை மேஜையில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும்போது தட்டைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள். நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், பார்த்துக்கொள். ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டியபோது ஓரமாக ஒதுங்கி நின்றாள், அவனுக்கு மறைக்கக்கூடாது என்று. கூடத்தில் ஒரு ஆள் இருக்கிற மாதிரியே இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், தனியாக நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்து பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் தம்பி, "குரல்ல தெம்பு வந்திருக்கே, நல்லா இருக்கே போல," என்றான். குரலாம்! அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருடன், வாய் தவறி உளறுகிறான் என்று நினைத்தாள். அவனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் ஒன்றும் தெரியாதவள் போலவே பேசி வைத்தாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்தது அதற்கு அடுத்த வாரம். வலது மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியது. பக்கத்து கிளினிக்குக்குத் தானே போய், தானே வரிசையில் உட்கார்ந்து, மாவுக்கட்டு போட்டுக்கொண்டு, கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட்டபடி திரும்பி வந்தாள். தம்பிக்குச் சொல்ல ஃபோனை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனேதான் பார்ப்பானே. பதறியடித்துக்கொண்டு கூப்பிடப்போகிறான்.

கேமரா விளக்குக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைக் கட்டு இருட்டில் தெரியாமல் போய்விடக்கூடாதென்று பகலிலேயே கூடத்து விளக்கைப் போட்டாள். அன்று ஃபோன் வரவில்லை. அங்கே வேலை அதிகமாக இருக்கும். மறுநாளும் வரவில்லை. இடது கையால் சோற்றைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டாள். அதையும் மேஜையில் வைத்தே சாப்பிட்டாள். அதற்கு அடுத்த நாள் கேமராவை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்தாள். ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அது ஒருமுறை ஒலித்தபோது அள்ளிக்கொண்டு எடுத்தாள். கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, தம்பி கூப்பிட்டான்.

"என்னக்கா, எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

அவன் மகளின் பரீட்சையைப் பற்றிச் சொன்னான். கார் ரிப்பேரானதைச் சொன்னான். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றான். அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே காத்திருந்தாள். அவன் வைக்கப்போகிற சமயத்தில் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"தம்பி, என் கம்ப்யூட்டர்ல நீ ஒண்ணு போட்டு வச்சிருக்கியே."

"ஐயோ அக்கா. அது இன்னுமா ஓடிக்கிட்டு இருக்கு?"

"ஓடுது."

"சாரிக்கா. நீ தனியா இருக்கியேன்னு பயந்துபோய் அப்ப போட்டேன். உன்னைக் கேக்காம செஞ்சது பெரிய தப்பு. ஆனா சத்தியமா நான் பாக்கறதே இல்லை. போட்ட புதுசுல ஒரு வாரம் பாத்திருப்பேன், அப்புறம் அந்த மெயிலைத் திறக்கவே இல்லை. பாஸ்வேர்டுகூட இப்ப ஞாபகம் இல்லை. நம்புக்கா."

"நம்பறேன்டா."

"கோவமா?"

"கோவம் எதுக்கு."

"யாரையாவது விட்டு உடனே எடுத்துடு. உன் வீட்டை நான் எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நீ நினைச்சா எனக்குக் கேவலமா இருக்கும். நான் அப்படிப்பட்டவன் இல்லைக்கா."

"இல்லைடா. நீ அப்படிப்பட்டவன் இல்லை."

பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறவனிடம், ஏண்டா பார்க்கவில்லை என்று எந்த வாயால் கேட்பது? கையைப் பற்றியும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் துடித்துப்போவான், தினமும்கூடக் கூப்பிடுவான். சொல்லித் தெரிந்துகொண்டு கூப்பிடுகிற அந்த ஃபோன் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. வைத்துவிட்டாள்.

கேமரா விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. போய்ச் சேர்ந்த படங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். தலை வாரி, இஸ்திரி மடிப்புக் கலையாமல், தட்டைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு, யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிட, கூடம் காலியாகிவிட்டது தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர்காரருக்கு ஃபோன் செய்தாள். "அன்னைக்கு விடச் சொன்னேனே, அதையும் எடுத்துடலாம்."

"நல்லதாப் போச்சு. அதுக்கு நான் எதுக்கு மேடம், ஃபோன்லயே சொல்லித்தர்றேன். மௌஸைப் புடிங்க."

"வலது கையை அசைக்க முடியலைங்க. கட்டுப் போட்டிருக்கு. இடது கையால மௌஸ் வரமாட்டேங்குது."

"அடடா. கைக்கு என்ன ஆச்சு?"

அந்தக் கேள்விக்கு அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. கட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பதில். ஒண்ணுமில்லைடா, குளியலறைல வழுக்கிடுச்சு, பெரிசா ஒண்ணும் இல்லை, நீ பதறாதே. அதையே 'டா'வை எடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்லைங்க, குளியலறைல வழுக்கிடுச்சு, பெரிசா ஒண்ணும் இல்லை," என்பது வரைக்கும் சரியாகவே வந்தது. மிச்சத்தை இந்த மனிதரிடம் சொல்ல முடியாது. அவர் பதறவில்லை, அவர் எதற்குப் பதற வேண்டும்? அந்த இடத்துக்கு வந்ததும் அக்கா அழுதுவிட்டாள்.