அடுத்த ஷிஃப்டின் பஞ்சம்

இந்தக் கதையில் ஆட்டம் முதலில் கெட்டதா, பாய்லர் முதலில் கெட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிதானத்தையே கேட்டால் பாய்லர்தான் என்பார். கேட்டவர் எழுந்து போனபிறகு, இல்லை, ஆட்டம்தானோ என்று தனக்குள் முனகிக்கொள்வார். நானும் பலமுறை முன்னும் பின்னுமாக அடுக்கிப் பார்த்துவிட்டேன். மாதங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நினைவுக்கு வருகிற வரிசையில் சொல்கிறேன்.

நிதானம் என்பது பட்டப்பெயர். ஆஸ்பத்திரி விரிப்புகளும் டாக்டர்களின் வெள்ளை அங்கிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒரு சலவை ஆலையில் அவர் பாய்லர் பார்த்தார். அவர் ஒரு நட்டைத் திருகி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விடும் என்பார்கள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவருடைய ஷிஃப்ட். இரண்டிலிருந்து பத்து வரை அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இருந்தும் முகம் பார்த்துப் பேசுவதென்னவோ பாய்லர் அறையில் பொறுப்பு கைமாறும் அந்தக் கால் மணி நேரம்தான்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் மைத்துனன். முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்து, அதில் பழங்காலத்துச் சிற்றரசர்களின் போர் விளையாட்டு ஒன்றை ஏற்றினான். பன்னிரண்டு சிற்றரசர்கள், மலைகள், ஒரு நதி, ஏராளமான கோட்டைகள். ஆட்டத்தில் ஒரு வருடம் என்பது நான்கு பருவம். விதைப்பு, மழை, அறுவடை, குளிர். விதைப்புக் காலத்தில் உழவர்களை ஈட்டி தூக்கக் கூப்பிட்டால் நிலம் தரிசாகும். அறுவடை நேரத்தில் எதிரியின் ஆட்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், அப்போது அவன் கோட்டையில் காவல் இருக்காது. இப்படி ஆயிரம் நுணுக்கம்.

ஒரே நாட்டை இருவரும் மாறி மாறி ஆள்வது என்று ஏற்பாடு. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மைத்துனன் ஒரு வருடம் ஆள்வான். சாயங்காலம் நிதானம் அடுத்த வருடத்தை ஆள்வார். ஆலையில் ஷிஃப்ட் நோட்டு இருப்பதுபோலவே இங்கும் ஒரு நோட்டு. என்ன நடந்தது, எது சரியில்லை, அடுத்து வருகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று அதில் எழுதிவைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில், யார் வருடத்தில் எத்தனை கோட்டை வந்தது, எத்தனை போனது என்ற பட்டியல்.

"அங்க ஒரு ஷிஃப்ட், இங்க ஒரு ஷிஃப்ட்," என்பாள் மனைவி. "ரெண்டு பேரும் சேந்து நாட்டைக் காப்பாத்துறீங்க. சமையக்கட்டுக் குழாய் ஒழுகுதே, அது எந்த ராஜா டிபார்ட்மென்ட்டு?"

ஆரம்பத்தில் பட்டியல் நிதானத்துக்கு அவமானமாக இருந்தது. அவர் வருடங்களில் நாடு சுருங்கும். மைத்துனன் வருடங்களில் விரியும்.

"மாமா, நேத்து குதிரைப்படையை ஏன் சதுப்புல எறக்கினீங்க?" என்று பாய்லர் அறையில் கேட்பான்.

"குறுக்கு வழின்னு பாத்தேன் மாப்ள."

"அது குதிரைக்குத் தெரியலையே. உங்க கையில மூணு கோட்டையைக் குடுத்தா ரெண்டுதான் திரும்பி வருது. நம்ம லாண்டரியில போட்ட சாக்ஸ் மாதிரி."

நிதானம் சிரித்துக்கொள்வார். ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. ஐம்பத்தோரு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் தேற வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. மதிய உணவு நேரத்தில் மற்றவர்கள் சீட்டாட, அவர் சுவரோரம் உட்கார்ந்து தாளில் நதியையும் மலையையும் வரைந்துகொண்டிருப்பார். தோற்ற போர்களைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார். அவமதித்தவன் மீதெல்லாம் படையெடுக்கக் கூடாது என்று புரிந்தது. எல்லா ஊருக்கும் மதில் கட்டுவதைவிட ஒரே ஒரு படகுத்துறையைப் பிடித்து வைத்துக்கொள்வது மேல் என்று புரிந்தது. பக்கத்து அரசனின் மகனை விருந்தாளியாக வைத்துக்கொண்டால் அவன் வாலாட்ட மாட்டான் என்பதும் புரிந்தது. ஒரு மாதத்தில் அவர் வருடங்களில் நாடு சுருங்குவது நின்றது. அப்புறம் மெல்ல விரியத் தொடங்கியது.

"பரவாயில்லையே மாமா," என்றான் மைத்துனன். அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அந்த நாட்களில்தான் ஆலையின் இன்ஜினியர் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். பழைய பாய்லர் போகப்போகிறது. தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் புதியது வரப்போகிறது. அதற்கு ஒரு ஆள் போதும். இரண்டு மாதம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆவியின் அழுத்தம் எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு விழும். யாருடைய கோடு நேராக இருக்கிறதோ அவர் வேலையில் இருப்பார்.

வெளியே வந்து இருவரும் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு மைத்துனன் கையைக் கழுவிக்கொண்டு, "யார் இருந்தாலும் சோறு ஒரே வீட்டுலதான மாமா வேகுது," என்றான்.

அவன் அப்படிச் சொன்னதுதான் நிதானத்துக்குத் தாங்கவில்லை. சொல்வதற்கு அவனுக்கு வசதி இருந்தது. அவனிடம் பாய்லர் வேலைக்கான முதல் வகுப்புச் சான்றிதழ் இருந்தது, வயது இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பேசி முடித்திருந்தது, தனியாக வீடு பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே போனாலும் அவனை வா என்பார்கள். இவரிடம் இருந்தது இருபத்தாறு வருடப் பழக்கம் மட்டும். அதை எந்த வாசலில் கொண்டுபோய் நீட்டுவது?

இதற்குக் கொஞ்சம் முன்போ பின்போ, நான் சொன்னேனே, அந்த இடம்தான் எனக்குக் குழம்புகிறது, நிதானம் ஆட்டத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் விதைநெல்லை எடுத்துப் படைக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினால், வருடம் முடிவதற்குள் ஒரு கோட்டை நிச்சயம் விழும். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒன்று கூடும். விதை இல்லாத பஞ்சம் அடுத்த வருடம் வரும். அடுத்த வருடம் மைத்துனனுடையது.

முதல் தடவை அதைச் செய்தபோது நோட்டில் எழுதத்தான் பேனாவை எடுத்தார். 'விதை தீர்ந்துவிட்டது, முதலில் தானியம் வாங்கவும்' என்று ஒரு வரி போதும். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'எல்லாம் சரி' என்று எழுதி மூடினார்.

மைத்துனன் வருடத்தில் உழவர்கள் ஓடிப்போனார்கள். இரண்டு கோட்டைக் காவலர்கள் பசியில் கதவைத் திறந்துவிட்டார்கள்.

"ராஜா மாறிட்டாரு போல," என்று மனைவி தம்பியைச் சீண்டினாள். "இப்பல்லாம் உன் ஆட்சியிலதான் மழை பெய்யல."

"எங்க தப்பு பண்றேன்னே தெரியலக்கா," என்றான் அவன்.

பாய்லரில் நடந்தது இதுதான். கொதிக்கிற தண்ணீரின் அடியில் சேறும் உப்பும் தங்கும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அடி வால்வைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். திறந்தால் அழுத்தம் இறங்கும். இஸ்திரி எந்திரங்கள் பத்து நிமிடம் சோர்ந்துபோகும். கோட்டில் ஒரு பள்ளம் விழும். யோசித்துப் பார்த்தால் அது முழுக்க அடுத்தவனுக்காகச் செய்கிற வேலை. போகிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஒருநாள் அங்கிகள் அவசரமாகப் போக வேண்டியிருந்ததால் நிதானம் வால்வைத் திறக்கவில்லை. மைத்துனனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அதற்குள் இன்ஜினியர் அந்தப் பக்கமாக வந்து, "இன்னைக்கு உங்க கோடு ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு," என்றார். நிதானம் நோட்டை எடுத்து, வால்வு திறக்கப்பட்டது என்ற கட்டத்தில் டிக் போட்டார். கீழே 'எல்லாம் சரி' என்று எழுதினார். அது பழகிய வாக்கியம். அதன்பிறகு வால்வைத் திறக்காமலே டிக் போடுவதும் பழகிப்போனது.

மைத்துனன் நோட்டை நம்புகிறவன். அவன் ஷிஃப்டில் சாயங்காலம் ஆகும்போது தண்ணீர் சோப்பு நுரைபோலப் பொங்கத் தொடங்கும். கண்ணாடிக் குழாயில் மட்டம் குதிக்கும். ஆவியோடு அழுக்குத் தண்ணீரும் போய் டாக்டர்களின் அங்கிகளில் பழுப்புப் புள்ளிகளாகத் தெறிக்கும். இரண்டு மாதத்தில் மூன்று தடவை பாய்லர் தானாகவே நின்றுபோனது. மூன்றும் அவன் ஷிஃப்டில். அவனோ பத்து மணிக்குக் கிளம்பும் முன் ஒழுங்காக அடி வால்வைத் திறந்து, சேற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டுப் போவான். காலையில் நிதானத்துக்குச் சுத்தமான தண்ணீர் காத்திருக்கும்.

இரண்டு மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. ஆலைக்கு விடுமுறை நாள். நிதானம் காய்கறிப் பையோடு உள்ளே வந்தபோது மைத்துனன் முன்னறையில் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் ஓடவில்லை. மடியில் நோட்டு விரிந்திருந்தது.

"மாமா, உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"ஆட்டத்துல பழைய வருஷத்தையெல்லாம் திறந்து பாத்தேன். ஒவ்வொரு குளிர்காலமும் நீங்க விதைநெல்லை எடுக்கறீங்க."

"அது ஒரு தந்திரம் மாப்ள."

"நல்ல தந்திரம். நான் யோசிக்கவே இல்ல." அவன் நோட்டை மூடினான். "பஞ்சம் எப்பவும் என் வருஷத்துலதான் வருது. பாய்லரும் எப்பவும் என் ஷிஃப்ட்லதான் நிக்குது."

தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்ல வர்ற?" என்றார் நிதானம்.

"ஒண்ணும் சொல்ல வரல. வால்வைத் தினமும் திறக்கறீங்களா மாமா?"

"நோட்டுல டிக் இருக்கே."

"இருக்கு," என்றான் அவன். "இங்கயும் 'எல்லாம் சரி'ன்னு இருக்கு."

மனைவி சமையலறையிலிருந்து, "என்னடா, மறுபடியும் தோத்தியா?" என்று குரல் கொடுத்தாள்.

"ஆமாக்கா," என்றான் மைத்துனன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் இன்ஜினியர்கிட்ட போகமாட்டேன். போனா அக்கா முகத்தை அப்புறம் நான் எப்படிப் பாக்கறது. நீங்க போனா போங்க," என்றான்.

நிதானம் மறுநாள் போனார். போனதில் சந்தேகமில்லை; அதை அவர் சத்தியம் செய்தே சொல்வார். இன்ஜினியரின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் நின்றார். திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. ஒன்று அமைதியான ஏரி போல இருந்தது. மற்றது பல் உடைந்த சீப்பு.

"என்ன விஷயம்?"

"வந்து... அடி வால்வு," என்றார் நிதானம்.

"என்ன அதுக்கு?"

நிதானம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எங்கே போனாலும் வா என்பார்கள் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அது இன்னும் உண்மைபோலத்தான் ஒலித்தது.

"கைப்பிடி கொஞ்சம் இறுக்கமா இருக்கு சார். கிரீஸ் வெக்கணும்."

"வெச்சுக்குங்க. இதுக்குப் போயி கேக்கணுமா?"

அவர் ஸ்டோரில் கிரீஸ் டப்பாவை வாங்கிக்கொண்டுபோய்க் கைப்பிடிக்குப் பூசினார். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதுபோல, நேரம் எடுத்துக்கொண்டு, ஒழுங்காகப் பூசினார்.

நான்காம் நாள் மைத்துனனை நிறுத்தினார்கள். கையில் கொடுத்த கடிதத்தில், கவனக்குறைவால் மூன்று முறை பாய்லர் நின்றது என்ற வரி இருந்தது. இப்படி ஒரு வரி எழுதப்படும் என்பதை நிதானம் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆட்டத்தில் தோற்ற அரசனுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவதில்லை. அந்தக் கடிதத்தோடு மைத்துனன் ஏழு ஆலைகளுக்குப் போனான். சான்றிதழைப் பார்க்கும்வரை உட்காரச் சொன்னார்கள். கடிதத்தைப் பார்த்தபின் எழுந்துகொண்டார்கள்.

அவன் தனி வீட்டுக்குப் போனான். கம்ப்யூட்டரை எடுத்துப்போகவில்லை. நிதானம் கேட்டதற்கு, "நீங்கதான் மாமா இப்ப நல்லா ஆடறீங்க," என்று மட்டும் சொன்னான். அதில் கேலி இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சில வாரம் நிதானம் தனியாக ஆடிப் பார்த்தார். குளிர்காலத்தில் ஒரு கோட்டை விழுந்தது. அடுத்த விதைப்புப் பருவத்துக்கும் அவரே உட்கார வேண்டியிருந்தது. உழவர்கள் ஓடினார்கள், கதவுகள் திறந்தன. வேறு எப்படி ஆடுவது என்று ஒருகாலத்தில் தெரிந்திருந்தது, இப்போது கை அந்தப் பக்கம் போகவில்லை. நாடு நான்கு வருடத்தில் முடிந்துபோனது.

சில வருடங்கள் போய்விட்டன. மைத்துனன் இப்போது வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறான். பேசி வைத்த பெண்ணையே கட்டிக்கொண்டான், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. தம்பி சொன்னானா, தானே ஊகித்தாளா தெரியாது, மனைவி அவனோடு போனில் பேசும்போது எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். நிதானத்திடம் சாப்பாடு, மருந்து, குழாய் பற்றி மட்டும் பேசுகிறாள். இன்ஜினியர் வேறு ஆலைக்குப் போய்விட்டார். புதிய பாய்லர் வந்துவிட்டது. மணிக்கொருமுறை அடி வால்வைத் தானே திறந்து மூடிக்கொள்கிறது. நிதானம் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.