இடது விலாவில் இருந்த தையல்

2023 நவம்பர் முதல் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் ஊர்ச் சத்திரத்தின் பின்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பேருந்து ஓட்டுநரும் பேய்ப்பட ரசிகர் மன்றத்தின் தலைவருமான ஹோல்கர். பல் மருத்துவரிடம் தாதியாக இருக்கும் போடில். தபால்காரர் யெப்பே. சத்திரக்காரி சோல்வாய். லுண்ட்கோர் குடும்பத்தின் இளைய மகன் எஸ்கில், வயது எழுபத்தாறு, இதை எழுதுபவன். என் அண்ணன் விகோ லுண்ட்கோர், வயது இருபத்தேழு; ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக அவருக்கு அதே வயது. வேறு யாரும் இல்லை. ஆல்போர்க் நகரத்திலிருந்து வந்திருந்த ரசிகர்கள் இரண்டு பேர் மதியச் சாப்பாடு முடிந்ததும் பேருந்து பிடித்துப் போய்விட்டார்கள். கடைசிவரை இருந்ததாக அவர்கள் பிறகு எழுதியதை நம்ப வேண்டியதில்லை.

1971 அக்டோபரில் ஹாம்பர்க்கிலிருந்து ஒரு படக்குழு எங்கள் சதுப்புக்கு வந்தது. 'சதுப்பிலிருந்து எழுந்தவன்' என்ற பேய்ப்படத்தை எடுக்க வந்தார்கள். பழைய காலத்தில் கழுத்து நெரிக்கப்பட்டுச் சேற்றில் புதைக்கப்பட்ட ஒருவன், மக்காமல், தோல் பதப்பட்டு, எழுந்து வந்து ஊரைக் கேள்வி கேட்கிறான். அவ்வளவுதான் கதை. அந்தச் சதுப்பு மனிதனாக நிற்க, குளிர்ந்த நீரில் நடுங்காமல் நிற்கக்கூடிய ஆள் தேவைப்பட்டான். பதினொரு பேரை இடுப்பளவு நீரில் நிறுத்திப் பார்த்தார்கள். பத்துப் பேர் கரையேறிய பிறகும் விகோ நின்றுகொண்டிருந்தார். பதினைந்து வயதிலிருந்து அடுப்புக்குக் கரிமண் வெட்டிய உடம்பு அது. ராட்சசன் எப்படித் திரும்பிப் பார்ப்பான் என்பதை அவர் எங்கள் வீட்டுப் பசுக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். தலையை முதலில் திருப்பி, உடம்பைப் பிறகு மெதுவாகக் கொண்டுவருவார். ரப்பரும் சணலும் பாசியும் சேர்த்துச் செய்த உடையின் முதுகில் ஜிப்பு வைத்திருந்தார்கள். இரண்டாம் நாளே அது நீரில் துருப்பிடித்து அறுந்துபோனது. எங்கள் அம்மா டாக்னி அந்த முதுகை மூடி ஒட்டிவிட்டு, இடது விலாவில் புதிதாக ஒரு திறப்பு வெட்டினார். மார்ட்டின் திருநாளுக்கு வாத்தின் வயிற்றில் ஆப்பிளும் உலர்ந்த பிளம்ஸும் அடைத்து மூடுவதற்கு எங்கள் வீட்டில் போடும் தையல் ஒன்று உண்டு. நூல் உள்பக்கம் மடங்கிக்கொள்ளும், வெளியே ஒரு கோடுகூடத் தெரியாது. தினமும் விடியலில் அம்மா மகனை அந்தத் தையலால் உள்ளே வைத்துத் தைத்தார். சாயங்காலம் பிரித்து வெளியே எடுத்தார். நாற்பத்துமூன்று தையல். அம்மா அந்த நாட்களில் சிரித்ததாக ஊரில் பலர் சொன்னார்கள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

அப்பா கிரெஸ்டன் லுண்ட்கோர் தேவாலயச் சபைத் தலைவர். குடலிறக்கத்துக்காக மூன்று வாரமாக ஆல்போர்க் ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் வீட்டில் நூற்றெழுபது வருடமாக யாரும் வேடம் கட்டியதில்லை. சந்தைக் கூத்துக்குக்கூட நின்று பார்த்ததில்லை. படப்பிடிப்பின் பதினெட்டாம் நாள் நான் பேருந்தேறிப் போய், விகோ வேடம் கட்டுவதை அப்பாவிடம் சொன்னேன். அன்று அது கடமை என்று பட்டது. பத்தொன்பதாம் நாள் காலையில் அம்மா புதிதாகப் பின்னிய சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகளை விகோவுக்குக் கொடுத்தார். உடையின் வலது கால் நனைந்து சுருங்கிப்போயிருந்ததால் காலுறையோடு பாதம் நுழையவில்லை. இடதை மட்டும் போட்டுக்கொண்டு, வலதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு படப்பிடிப்பு முடிந்தது. சாயங்காலம் அம்மா கத்தரியை எடுத்துத் தையலில் வைத்தபோது அப்பா வாசலில் நின்றார், ஆஸ்பத்திரிச் சட்டையின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு.

"அவனாத் தேடிப் போட்டுக்கிட்ட தோலு. அதுக்குள்ளேயே கிடக்கட்டும்" என்றார்.

அம்மா கத்தரியைக் கீழே வைத்தார். அப்பாவின் பேச்சுக்கு மேல் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. உடையைத் திருப்பிக் கேட்டுப் படக்குழு கடிதம் எழுதியது. உடை பயன்பாட்டில் இருக்கிறது என்று அப்பா ஒரே வரியில் பதில் போட்டார். அதோடு, லுண்ட்கோர் என்ற பெயர் திரையில் வரக்கூடாது என்று வழக்கறிஞர் மூலம் எழுதவைத்தார். படத்தின் முடிவில் நடிகர் பட்டியலில் சதுப்பு மனிதனுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் இருப்பது அதனால்தான். அதில் எந்த மர்மமும் இல்லை.

விகோ கனடாவுக்குப் போய்விட்டதாக ஊரில் சொன்னோம். அவர் வீட்டுக்குப் பின்னால் கரிமண் கொட்டகையில் இருந்தார். முதல் குளிர்காலத்தில் ரப்பர் அவர் தோலோடு ஒட்டியது. இரண்டாவதில் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உடையின் வாய் ஒரு கரண்டி நுழையும் அளவுக்குத்தான் திறக்கும், பேச்சுக்குப் போதாது. காலையும் மாலையும் ஓட்ஸ் கஞ்சி. அவரிடமிருந்து பழுப்பு நீர் நாளுக்குச் சுமார் இரண்டு லிட்டர் சொட்டியது, கோடையில் கொஞ்சம் குறைவு. சதுப்பு நீரில் கிடப்பது அழுகுவதில்லை என்பதால் அவருக்கு வயதும் ஏறவில்லை. பக்கத்து வீட்டார் பார்த்தார்கள், வணக்கம் சொன்னார்கள், எதுவும் கேட்கவில்லை. அம்மா 1978இல் இறந்தார். வலது காலுறை அவருடைய இழுப்பறையில் இருந்தது. அப்பா 1983இல் இறந்தார். அதன்பின் வீட்டுக்குப் பெரியவன் நான். கத்தரி சமையலறையிலேயே தொங்கியது. அப்பாவின் வார்த்தையைக் காப்பது வீட்டின் பெயரைக் காப்பது என்று நினைத்தேன். கஞ்சி ஒருநாளும் தவறவில்லை.

தொண்ணூறுகளில் அந்தப் படம் வீடியோ நாடாக்களில் திரும்பி வந்து பைத்தியம் பிடித்த ரசிகர்களைச் சேர்த்தது. ஹோல்கர் மன்றம் தொடங்கினார். ஆண்டுக்கு ஒருமுறை சத்திரத்தில் கூடி, உப்பு மீனும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டு, எந்த ராட்சசன் பெரியவன் என்று சண்டை போடுவார்கள். அவர்களுக்கு ஒரு விதி இருந்தது. ராட்சசன் உடையில் ஜிப்போ தையலோ கண்டுபிடித்தால் அந்தப் படத்துக்கு ஒரு மதிப்பெண் போகும். யெப்பே 'பாலத்தடி விலாங்கு' என்ற படத்தின் கட்சி. போடில் 'உப்பு மணப்பெண்' படத்தின் கட்சி. சதுப்பு மனிதனிடம் மட்டும் முப்பது வருடமாக யாராலும் தையல் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் திரையில் வரும் பதினொரு நிமிடம் நாற்பது விநாடியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பேய்ப்படங்களில் ஜிப்பு முதுகில்தான் இருக்கும் என்பது அவர்களுக்கு வேதம். அதனால் முதுகை மட்டுமே பார்த்தார்கள்.

அந்த ஆண்டு சத்திரச் சுவரில் படத்துக்காக ஒரு பித்தளைத் தகடு பதிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உடைக்குள் இருந்தவர் யார் என்று அதில் எழுத வேண்டும். வாக்கெடுப்பில் முடிவாகும் என்றார்கள். உள்ளே ஆளே இல்லை, கம்பியும் நீர்ப்பம்பும்தான் என்ற கட்சி ஜெயிக்கும் போலிருந்தது. காலைக் கஞ்சி கொடுக்கும்போது இதை அண்ணனிடம் சொன்னேன். வீட்டின் பெயர் தப்பித்தது என்ற நல்ல செய்தியாகத்தான் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மீதிக் கஞ்சியைத் தொடவில்லை.

நான் சத்திரத்துக்குப் போனது எங்கள் பெயர் எங்கும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். விவாதம் சூடாக இருந்தது. யெப்பே அன்றைய மாறுவேடப் போட்டிக்காகப் போட்ட விலாங்கு வேடத்தில் உட்காரமுடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உன் விலாங்குக்கு நாப்பத்தோராவது நிமிஷத்துல ஜிப்பு பளபளக்குதுய்யா" என்றார் போடில், தன் மணப்பெண் வேடத்தின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே. "ஜிப்பு வெச்சதுக்கெல்லாம் பயப்படணும்னா நான் என் மழைக்கோட்டுக்குத்தான் முதல்ல பயப்படணும்."

"உன் மணப்பொண்ணு மட்டும் என்னவாம்? பாதிப் படம் மூக்கைச் சிந்திக்கிட்டே வர்றா. அது பேயா, எங்க சின்னம்மாவா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் ஹோல்கர். "சதுப்பு மனுசன் திரும்பிப் பார்ப்பான் பாரு, அந்த ஒரு பார்வைக்கு உங்க ரெண்டு படத்தையும் சேர்த்துக் குப்பையில போடலாம்."

அப்போது கதவைத் திறந்துகொண்டு விகோ உள்ளே வந்தார். கொட்டகையிலிருந்து சத்திரம் முந்நூறு மீட்டர். தரையில் பழுப்பு நீர் பரவ, சோல்வாய் பழைய செய்தித்தாள்களை விரித்தார். மாறுவேடப் போட்டிக்குத் தாமதமாக வந்த ஆள் என்றே நால்வரும் எடுத்துக்கொண்டார்கள். சுற்றி வந்து பார்த்தார்கள். நிறம் படத்தில் இருப்பதைவிடக் கறுப்பு என்றார் போடில். தோள் போதவில்லை, நடையில் கிழடு தட்டுகிறது என்றார் ஹோல்கர். யெப்பே வழக்கப்படி முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் பழுப்பாக நனைந்து வந்தது, தையல் கிடைக்கவில்லை.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா ஆளுக்கு அந்தப் பார்வை வரலை" என்றார்.

போட்டியில் இருந்தவர்கள் மூவர். முதல் பரிசான புகையிட்ட விலாங்கு மீன் யெப்பேவுக்கு, சாராயப் புட்டி போடிலுக்கு, மூன்றாம் பரிசான காபித்தூள் பொட்டலம் என் அண்ணனுக்கு. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் சுவரோரம் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தகட்டுக்கு வாக்கெடுத்தார்கள். குளத்தங்கரைக் காட்சியில் எல்லோர் வாயிலும் குளிருக்கு ஆவி வருகிறது, சதுப்பு மனிதனுக்கு மட்டும் வரவில்லை, ஆகவே உள்ளே மூச்சுவிடும் ஆள் இல்லை என்று போடில் கணக்காகச் சொன்னார். யெப்பே ஆமோதித்தார். உள்ளே பெயர் தெரியாத ஒரு நாடோடி இருந்தான் என்பது ஹோல்கரின் கட்சி. இரண்டுக்கு ஒன்று. சுவர் என்னுடையது, தகடு கோணாமல் இருந்தால் போதும் என்றார் சோல்வாய். ஹோல்கர் மனமில்லாமல் தாளில் எழுதி, வழக்கப்படி உரக்க வாசித்தார்: "இந்த உடைக்குள் யாரும் இருக்கவில்லை."

விகோ தலையை முதலில் திருப்பினார். உடம்பு பிறகு மெதுவாக வந்தது. அவர் பார்த்தது என்னை. ஹோல்கரின் கையிலிருந்து தாள் விழுந்தது. முந்நூறு தடவை பார்த்த பார்வை என்பதால் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. போடில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். செய்தித்தாளில் நீர் சொட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்து, முக்காட்டை வெட்டப் போடில் கொண்டுவந்திருந்த சின்னக் கத்தரியைக் கேட்டேன். அவர் கொடுத்தார்.

"முதுகுல தேடாதீங்க" என்றேன். "இடது விலாவுல இருக்கு. எங்க அம்மா போட்ட தையல். உள்ள இருக்கறது என் அண்ணன் விகோ லுண்ட்கோர். கனடாவுக்குப் போகலை. எங்கேயும் போகலை. அப்பாகிட்டப் போயிச் சொன்னது நான்."

"பெரியவரே, கொஞ்சம் உக்காருங்க" என்றார் சோல்வாய். நான் உட்காரவில்லை.

நாற்பத்துமூன்று தையலையும் ஒவ்வொன்றாகப் பிரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. ஹோல்கர் கைவிளக்கைப் பிடித்தார். இருபதாவது தையலில் போடில் என் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார். கடைசி நூல் அறுந்ததும், தோலோடு ஒட்டியிருந்த ரப்பர் தானாகப் பிரிந்து, உடை ஈரச் சாக்கைப்போலத் தரையில் இறங்கியது. கல்லுக்கடியில் முளைத்த புல்லைப்போல வெளுத்து, இருபத்தேழு வயதில், அண்ணன் நின்றார். கையில் காபிப் பொட்டலம் இருந்தது. யெப்பே தன் விலாங்குத் தோலைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினார். அண்ணனின் வாய் அசைந்து பேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பா வெளிய நிக்கிறாரா?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணே. அவர் போயி நாப்பது வருஷமாச்சு."

அவர் காபிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"அப்புறம் ஏன்டா இவ்வளவு நாளு?"

நான் கத்தரியைப் போடிலிடம் திருப்பிக் கொடுத்தேன்.

நின்றுபோயிருந்த ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று வீதம் அவருக்கு வந்து சேர்ந்தன. கிறிஸ்துமஸுக்கு அவருக்கு நாற்பத்தெட்டு. ஜனவரி முடிவில் என் சட்டைகள் அவருக்குச் சரியாக இருந்தன. வீட்டின் முன்னறையில், அப்பாவின் கட்டிலில் படுத்தார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ரசிகர்கள் ஆண்டு விழாவுக்குக் காத்திராமல் எங்கள் வீட்டுக்கே வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அவர் விலாங்குக் கட்சியில் சேர்ந்துகொண்டார். சதுப்பு மனிதன் விளக்கைத் தூக்கும் காட்சியில் கொஞ்சம் அதிகமாக நடித்துவிட்டான் என்பது அவர் கருத்து. ஹோல்கருக்கு அது பெரிய வருத்தம். மார்ச் ஐந்தாம் தேதி, எழுபத்தொன்பது வயதுக்காரராக, அண்ணன் தூக்கத்தில் இறந்தார். அதுவரை என்னிடம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கஞ்சி மட்டும் வேண்டாம் என்றார். தேவாலயப் பதிவேட்டில் போதகர் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் எழுதினார், கணக்கு சரியாக இருந்தது. சத்திரச் சுவரில் தகடு இருக்கிறது. அதில் கேள்விக்குறி இல்லை, பெயர் இருக்கிறது.

தையலைப் பிரித்தபோது உள்ளே ஆளே இல்லை, சதுப்பு நீர்தான் கொட்டியது என்று அந்த ஆல்போர்க்காரர்கள் இன்னும் எழுதுகிறார்கள். தவறு. உள்ளே இருந்தவர் லுண்ட்கோர் வீட்டின் மூத்த மகன். இடது காலில் சாம்பல் நிறக் காலுறை இருந்தது, ஈரமாக. வலது காலுறை அம்மாவின் இழுப்பறையில் இருந்தது. அதை நான்தான் எடுத்துக்கொண்டு போய், அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, மண்டியிட்டுப் போட்டுவிட்டேன். அளவு சரியாக இருந்தது.