நாற்பது குல்லாவுக்கு மஞ்சள்

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் சந்துக்கே தெரியும். உக்கடத்தில் என் வீட்டு வாசலில் மட்டும் பால்காரர் தண்ணீர் கலக்காத பாலை ஊற்றுவார். அந்தக் கோபத்தால் ஒரு தடவை என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ரைஹான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மாஸ்டர். இருபது வருஷம். விடிகாலை ரயிலில் போனால் ராத்திரிதான் வருவார். கடைசி மூன்று வருஷமாக இருமல். அந்தச் சாய ஆவியை விட்டு வெளியே வராவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "எனக்கு வேற என்ன தொழில் தெரியும் ஹுமேரா?" என்று கேட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் எனக்கு ஒரு வழி தெரிந்தது. நான் சும்மா இருக்கும் நேரத்தில் குழந்தைகளுக்குக் குல்லா பின்னுவேன். கைராட்டையில் நூற்ற நூல் வாங்கி, குளத்து மேட்டில் ஆவாரம்பூ பறித்துவந்து, வீட்டிலேயே சாயம் ஏற்றி ஒரு குல்லா பின்னினேன். எக்ஸ்போர்ட் செய்யும் கிருபாசங்கர் அதைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவே இல்லை.

"அக்கா, வெளிநாட்டுல கொழந்தைத் துணிக்குக் கெமிக்கல் சாயம் வேண்டாம்ங்கறாங்க. இதே மஞ்சள்ல மாசக் கடைசிக்குள்ள நாப்பது குல்லா பின்னித் தாங்க. புடிச்சுப்போச்சுன்னா வருசம் பூரா வேலை. மாஸ்டரையும் கூடச் சேத்திக்கலாமுங்க."

"மொதல்ல நாப்பது போகட்டும். அவங்க சரின்னு சொன்னா அன்னைக்கே பட்டறையை உட்டர்றேன்" என்றார் ரைஹான். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே எனக்குப் பெரிசு.

நூலைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தேன், படிகாரம் ஏற்றினேன், பூவைக் கொதிக்கவைத்து நூலை உள்ளே இறக்கினேன். வெளியே எடுத்தால் எருமைச் சாணி நிறம். பூ பழசோ என்று புதுசு பறித்தேன். அதே சாணி. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து மூன்றாம் தடவையும் செய்தேன். அதேதான். நூலை முற்றத்தில் வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். போனது நூல் என்றா அழுவேன்? அந்த மனுஷனுடைய நெஞ்சு.

ரைஹான் வந்து அண்டாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். "போர் தண்ணி. இரும்பு இருக்குது. கடுக்காயோட சேந்தா கறுத்துத்தான் போகும்."

"அப்ப முதல் தடவை மட்டும் எப்படி வந்துச்சுங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அன்னைக்கு மோட்டார் எரிஞ்சுபோச்சு. நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தே. அண்டாவுல நான்தான் தண்ணி ரொப்பி வெச்சேன். சிறுவாணித் தண்ணி. நாலு கொடத்தையும் ஊத்திப்போட்டேன்."

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் குழாயில் வரும் குடிதண்ணீர் அது. அதில் யாராவது கை கழுவினாலே எனக்கு உயிர் போகும். அன்றைக்குக் குழாயே வரவில்லை என்று அவர் சொன்னதை நம்பி, தண்ணீர் திறந்துவிடும் ஆளை ஒரு வாரம் திட்டித் தீர்த்திருந்தேன்.

"மொதல் தடவை கெட்டப்பவே உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும். சொன்னா நீ ஆடித் தீத்துருவியே."

திட்ட வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் நிஜமாகவே பயம் இருந்தது. இருபது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவர், நாலு குடம் தண்ணீருக்காக என்னிடம் பயந்திருக்கிறார். வெட்கமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

நாற்பது குல்லாவின் நூலுக்கு நாலு குடம் எந்த மூலைக்கு? தண்ணீர் நம்மிடம் வராவிட்டால் நாம் தண்ணீரிடம் போவோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் அண்டாவோடு, சிறுவாணி மலைப் பக்கம் போகும் சாடிவயல் பஸ் ஏறினோம். "ஏனுங்க, கல்யாணத்துக்குச் சமைக்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர். நான் முறைத்தேன். அவர் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

மலையடிவாரத்தில் பாக்குத் தோப்பு வைத்திருந்த அப்புசாமி, தோப்போரம் அடுப்புக் கூட்டிக்கொள்ளச் சொன்னார். பக்கத்திலேயே ஆறு. முழங்கால் ஆழத்தில் ஒவ்வொரு கூழாங்கல்லையும் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. தண்ணீருக்கு நிறம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகப் பட்டது.

"இது என்ன ஆறுங்க?" என்று கேட்டார் ரைஹான்.

"நொய்யல்தானுங்க."

"எந்த நொய்யலுங்க?"

"எத்தனை நொய்யலுங்க இருக்குது?" என்று அப்புசாமி சிரித்தார்.

ரைஹான் சிரிக்கவில்லை. திருப்பூரில் அவர் பார்க்கும் நொய்யல் திங்களன்று சிவப்பாகவும் செவ்வாயன்று நீலமாகவும் ஓடும். மேற்கே மலையில் அது பிறக்கிறது என்று அவருக்குத் தெரியும், வந்து பார்த்ததில்லை. மெதுவாக இறங்கி நின்றார். சின்ன மீன்கள் வந்து அவர் பாதத்தைக் கொத்தின. கையில் அள்ளி ஒரு வாய் குடித்தார். மறுபடியும் அள்ளினார். இருமலே வரவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை.

அந்தத் தண்ணீரில் பூ கொதித்தது. நூலை இறக்கிச் சற்று நேரம் கழித்து ரைஹான் குச்சியால் தூக்கினார். மஞ்சள்! வெயில் பட்டதும் இன்னும் தெளிந்தது. பட்டறையில் டப்பா டப்பாவாக மஞ்சளைக் கரைத்த மனுஷன், "யா அல்லா" என்று சொல்லிக் குச்சியைப் பிடித்தபடியே நின்றார்.

நூலை எல்லாம் கொடியில் போட்டுவிட்டு, மீந்த சாற்றைக் கொட்ட அண்டாவை ஆற்றுப் பக்கம் சாய்த்தேன்.

"ஊத்தாதே!" என்று கத்தினார். என்னிடம் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அண்டாவை என் கையிலிருந்து பிடுங்கி, மூச்சு வாங்க மேட்டுக்குத் தூக்கிப் போய், அப்புசாமியிடம் கேட்டு ஒரு குழியில் கொட்டினார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பூச்சாறுதானுங்களே" என்றேன்.

"இதே தண்ணிதான் ஹுமேரா அங்க வருது. இருபது வருசமா இதுலதான் ஊத்திட்டு இருந்திருக்கறேன்."

காலி அண்டாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்கு நான் போகலை. ஆர்டர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

மூன்று வருஷமாக நான் கத்திக் கேட்டும் கிடைக்காத வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. நூல் காய்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினோம். பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"அடுத்த பஸ்ல போலாம். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு வாரேன்."

அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். அண்டாவை ரோட்டோரம் வைத்துவிட்டு நானும் அவர் கூடவே ஆற்றுக்கு இறங்கினேன்.