வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும்

போன் இணைப்பு வேண்டாம் என்று எங்கள் கம்பெனியைக் கூப்பிடுகிறவர்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கும். அவர்களிடம் பேசுவதற்கென்றே நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். பிரிவின் பெயர் தக்கவைப்பு. ஜன்னல் இல்லாத அறை, நான்கு மேஜை, சுவரில் ஓர் அட்டை. அதில் பதினோரு ஆங்கில வினைச்சொற்கள். எல்லாம் பிரிப்பதையும் துண்டிப்பதையும் சொல்பவை. ஒவ்வொன்றுக்கும் எங்கள் திரையில் ஒரு பொத்தான்.

'அன்ப்ளக்' என்றால் சுவரில் செருகியதைப் பிடுங்குவது, அதனால் மெக்கானிக்கை அனுப்புவோம். 'சஸ்பெண்ட்' என்றால் லைனை மூன்று மாதம் தூங்க வைப்போம், அப்புறம் அது தானாக எழுந்துகொள்ளும். 'கட்' என்றால் பேசும்போது பாதியில் அறுந்துபோகிறதாம், புகார் எழுதிக்கொள்வோம். 'டிஸ்கனெக்ட்' என்றால் லைனோடு நம்பரும் போய்விடும். 'செபரேட்' என்றால் ஒரே கணக்கில் இருப்பவர்களின் பில்லை மட்டும் இரண்டாக்குவோம். ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். இந்த இழவுக்கா படித்தோம் என்று முதல் வாரம் அழுதேன். அப்புறம் அழவும் அலுத்துவிட்டது.

விதி ஒன்றே ஒன்றுதான். வார்த்தை வாடிக்கையாளர் வாயிலிருந்து வர வேண்டும். நாங்கள் எடுத்துக் கொடுத்தால் வேலை போச்சு. போனால் போகட்டும் என்று கிளம்பவும் முடியாது. சேர்ந்த அன்றே வாங்கிக்கொண்ட எங்கள் அசல் சான்றிதழ்கள் மேலாளரின் இரும்பு அலமாரியில் கிடக்கின்றன. மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தால்தான் கைக்கு வரும். எனக்கு இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. அக்கா வீட்டு மாடியில் அறை தயார், அதற்குப் பக்கத்துப் பள்ளியில் வேலை தயார். பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டார். குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பேசினார்.

"மேடம், என் லைனை என் வீட்டுக்காரர் லைன்லேர்ந்து எடுத்து விடுங்க."

"எடுத்து விடறதுன்னா எப்படிங்க மேடம்?" என்றேன். அட்டையில் அப்படித்தான் கேட்கச் சொல்லியிருக்கிறது.

"ரெண்டு லைனும் ஒரே கணக்கு. நான் எங்க போனாலும் அவர் போன்ல புள்ளி மாதிரி காட்டுது. போன தடவை எங்க அம்மா வீட்டு வாசல்லயே வந்து நின்னாரு. தோள்பட்டை எலும்பு இப்பதான் கூடியிருக்கு." அவர் மூச்சு வாங்கினார். "பன்னெண்டரைக்குக் கிளம்பறேன். பை கட்டி வெச்சுட்டேன். அதுக்குள்ள பண்ணிடுங்க."

"சிம்மைக் கழட்டிப் போட்டுடலாமே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"வேலைக்கு எழுதிப் போட்டதுல இந்த நம்பர்தான் குடுத்திருக்கேன். நாளைக்கு இதுலதான் கூப்பிடுவாங்க. நம்பர் போனா பொழப்பு போச்சு. அதான், டிஸ்கனெக்ட் பண்ணிடுங்க."

"அது சொன்னா நம்பரும் போயிடும்."

"அப்ப செபரேட்."

அந்தப் பொத்தானை அழுத்தினால் கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு அந்த நொடியே மெசேஜ் போகும். வேண்டிய வார்த்தை அட்டையில் ஒன்பதாவதாக இருந்தது. டீடாச். பெரிய ஒன்றோடு ஒட்டியிருக்கும் சின்னதைச் சேதமில்லாமல் கழற்றுவது. அதை அழுத்தினால் நம்பர் அவரிடமே இருக்கும், லைன் தனிக் கணக்காகும், யாருக்கும் மெசேஜ் போகாது.

"அதுவும் வேண்டாம். ரயில்ல கடைசிப் பெட்டியை மட்டும் கழட்டி விடுவாங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்வாங்க?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் இங்கிலீஷ்ல படிக்கலையே." குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவர் அழுவது கேட்டது. "ரிமூவா? பிரேக்கா? லீவா? இன்னும் என்னங்க சொல்லணும்? கால்ல வேணாலும் விழறேன்."

பதினோரு வார்த்தையைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, ஒரு மனுஷியைக் குளியலறையில் நிற்க வைத்துப் பரீட்சை நடத்துகிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"டீடாச்னு சொல்லுங்க அக்கா."

"என்னது?"

"டீ...டாச். சீக்கிரம்."

"டீடாச்," என்றார். அழுத்தினேன். திரையில் இரண்டாக இருந்த பெயர் ஒன்றானது. "முடிஞ்சுது. கிளம்புங்க," என்றேன். அவர் நன்றிகூடச் சொல்லவில்லை. குழாய் நின்றது, போனை வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேட்பதே அவர் வேலை என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் காது. என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார்.

"நானே மறந்த மாதிரி விட்டுடலாம்னு பாத்தேம்மா. முடியாது, எனக்கு மேல ஒரு காது இருக்கு."

"வேலையிலேர்ந்து எடுத்துடுங்க சார். சர்டிபிகேட்டையும் நீங்களே வெச்சுக்குங்க," என்றேன்.

"உன் வேலை மட்டும் போனா பரவால்ல. நான் ரிப்போர்ட் எழுதினா நீ பண்ணினது செல்லாது. அந்த நம்பர் பழையபடி அந்தம்மா வீட்டுக்காரர் கணக்குல போய் ஒட்டிக்கும். புள்ளி திரும்பத் தெரியும்."

கிளம்பத் திரும்பியவள் நின்றேன்.

"ஒரு வழி இருக்கு." அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நகர்த்தினார். "போகப்போற ஆளு பண்ணினா மீறல். இருக்கப்போற ஆளு பண்ணினா பயிற்சில நடந்த தவறுன்னு எழுதலாம். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கறதா கையெழுத்துப் போடு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! அக்கா வீட்டு மாடி அறைக்கு இரண்டு ஜன்னல். தெருப் பக்கம் ஒன்று, மரத்தைப் பார்த்து ஒன்று. போன வாரம்தான் திரைச்சீலைக்கு அளவு எடுத்து அனுப்பியிருந்தாள். அவளை, இந்தக் காதை, முகம் தெரியாத அந்தப் பெண்ணை, எல்லோரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். காது அந்தத் தாளை அலமாரியில் என் சான்றிதழ்களுக்கு மேல் வைத்துப் பூட்டினார்.

இடத்துக்கு வந்து ஹெட்போனை மாட்டினேன். நாலரைக்கு ஒரு அழைப்பு. குடும்பக் கணக்கு விஷயம் எதுவானாலும் எங்கள் நால்வரில் ஒருவருக்குத்தான் வரும். ஆண் குரல்.

"என் கணக்குல என் ஒய்ஃப் நம்பர் காணோம். காலைல இருந்துச்சு. புள்ளியே தெரியல. உடனே சேர்த்து விடுங்க."

திரையில் அவர் பெயர் தனியாக நின்றது. காலையில் பார்த்த அதே பெயர். மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தேன். சேர்ப்பதற்கும் ஓர் அட்டை உண்டு, அதில் ஒன்பது வார்த்தை.

"சேர்த்து விடறதுன்னா எப்படிங்க சார்?"

"சேக்கறதுன்னா சேக்கறதுதான்! கனெக்ட் பண்ணும்மா!"

"அது புது லைனுக்கு சார்."

"ஆட்! ஜாயின்! என்ன எழவோ ஒண்ணு! எந்த வார்த்தைன்னு நீயே சொல்லித் தொலையேன்!"

"நாங்க சொல்லக் கூடாது சார், விதி. உங்க வாயிலேர்ந்துதான் வரணும்." ஹெட்போனைக் காதில் சரியாக அழுத்திக்கொண்டேன். "அவசரமே இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல."